ஃபுட்பால் கூட்டணியை வைத்துக் கல்லூரி தேடலாமா? – கேள்வி பதில்

அமெரிக்காவின் மத்திய மேற்கில், பிக் டென் கூட்டணியைச் சேர்ந்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பதினோரு வருடம் எம்.எஸ். சேர்க்கைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஃபுட்பால் கூட்டணிகள் (தங்களுக்குள் போட்டி ஆடும் பல்கலைக்கழகக் குழுக்கள்), அவற்றின் பல்கலைக்கழகங்கள், படிப்பின் தரம் பற்றிக் கேளுங்கள். விசா, பகுதிநேர வேலை வேண்டாம்.

கோவையிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு இயந்திரப் பொறியியலில் பர்டூவிலும் அலபாமாவிலும் இடம் கிடைத்திருக்கிறது. பர்டூ 'பிக் டென்', அலபாமா 'எஸ்.இ.சி.' என்கிறார்கள். பிக் டென் என்றால் சிறந்த பத்துப் பல்கலைக்கழகங்களா?

இல்லை அம்மா. பத்தும் இல்லை, பதினெட்டு. 'சிறந்தவை' என்று பார்த்து யாரும் பொறுக்கவும் இல்லை. 1896இல் ஏழு பல்கலைக்கழகங்கள் ஆட்டத்துக்கு விதி வகுக்கக் கூடின. அதுதான் தொடக்கம். (இங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது.) 2024இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்தது டிவி உரிமைப் பணத்துக்காக. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் ஒரு விஷயம் உண்டு. ஏ.ஏ.யு. என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1900இல் தொடங்கியது. ஆராய்ச்சியில் முன்னணியில் இருக்கும் பல்கலைக்கழகங்களைத் தானே அழைத்துச் சேர்த்துக்கொள்ளும். பிக் டென் பதினெட்டில் பதினேழு அதில் உண்டு. எஸ்.இ.சி. (தென்கிழக்கு மாநிலங்களின் கூட்டணி) பதினாறில் ஐந்துதான்: வாண்டர்பில்ட், ஃப்ளோரிடா, மிசௌரி, டெக்ஸாஸ், டெக்ஸாஸ் ஏ அண்ட் எம். இன்னொரு கூட்டணியான பிக் ட்வெல்விலும் பதினாறுக்கு ஐந்து.

உங்கள் மகனுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. இயந்திரப் பொறியியல் என்றால் பர்டூ. நிலவில் முதலில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங்கும், 1972இல் அங்கிருந்து கடைசியாகக் கிளம்பிய செர்னனும் அங்கே படித்தவர்கள். அலபாமா உதவித்தொகை கொடுத்து, பர்டூவுக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டிவந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: ஸ்டான்ஃபர்ட், டியூக், பெர்க்லி மூன்றும் இருப்பது ஏ.சி.சி.யில். அப்படியென்றால் அதுதானே முதலிடம்?

உச்சியை மட்டும் பார்த்தால் ஆமாம். ஏ.சி.சி. என்பதன் விரிவு 'அட்லாண்டிக் கரை'. பசிபிக் கரையோரம் இருக்கும் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் 2024இல் அதில் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று கேட்காதீர்கள். அவை இருந்த பழைய மேற்குக் கரைக் கூட்டணியான பேக்-12 உடைந்தபோது கிடைத்த வண்டியில் ஏறினார்கள்.

ஆனால் புள்ளியியல்காரியாக எனக்கு எரிச்சல் தருவது இந்தக் கூட்டணிச் சராசரிதான். தரவரிசை எண்களைக் கூட்டி வகுப்பதில் அர்த்தமில்லை. 3க்கும் 13க்கும் உள்ள இடைவெளியும், 93க்கும் 103க்கும் உள்ள இடைவெளியும் ஒன்றல்ல. கீழே போகப் போக எல்லாரும் நெருக்கியடித்து நிற்பார்கள், ஒரு சின்ன மாற்றத்தில் பத்து இடம் தாவும். அதோடு, அதே ஏ.சி.சி.யில் இருக்கும் லூயிவில்லில் படிக்கும் பிள்ளைக்கு டியூக்கின் பெயரால் என்ன லாபம்? ஒரே கூட்டணிக்குள் இருக்கும் வித்தியாசம், இரண்டு கூட்டணிகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிது.

கூட்டணியால் படிப்புக்கு நிஜமாகவே பலன் இருப்பது பிக் டென்னில்தான். 1958 முதல் அந்தப் பல்கலைக்கழகங்கள் நூலகம், பாடங்கள் என்று பகிர்ந்துகொள்ள ஓர் அமைப்பு வைத்திருக்கின்றன. போன மாதம் ஒரு பழைய தமிழ் அகராதி கேட்டேன். ஐந்தாம் நாள் விஸ்கான்சினிலிருந்து வந்தது. உள்ளட்டையில் பி.எல். 480 முத்திரை. அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தில், அறுபதுகளிலிருந்து இங்கே வந்து குவிந்த புத்தகங்களில் ஒன்று. கடைசியாக எடுத்தவரின் தேதி 1987.

சேலத்திலிருந்து மாணவர்: மேடம், ஐவி லீக் இதில் எங்கே வருகிறது?

ஹார்வர்ட், யேல் போன்றவை இருக்கும் அதுவும் விளையாட்டுக் கூட்டணிதான் தம்பி, 1954இல் முறைப்படி அமைந்தது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: எல்லாக் கூட்டணிகளையும் சேர்த்து முதல் இருபது பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா?

முடியாது. கொலம்பியா 2022இல் ஒரு பிரபலமான பட்டியலில் இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டுக்கு விழுந்தது. கட்டடம் இடியவில்லை, பேராசிரியர்கள் ஓடவில்லை. அனுப்பிய புள்ளிவிவரம் சரியில்லை என்று அங்கேயே இருந்த ஒரு கணிதப் பேராசிரியர் எழுதினார், அவ்வளவுதான். துறையைப் பாருங்கள். துறைக்குள் யார் உங்களுக்கு வழிகாட்டியாக இருப்பார் என்று பாருங்கள்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரிலிருந்து ஒரு சகோதரி: பதினேழு, பதினேழு என்கிறீர்களே, விட்டுப்போன ஒன்று எங்கள் நெப்ராஸ்கா. பெயரைச் சொல்லக்கூட மனசு வரவில்லையா? என் கணவர் இங்கே சோள ஆராய்ச்சியில் இருக்கிறார்.

சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். நடந்தது இது. நெப்ராஸ்கா 1909இல் ஏ.ஏ.யு.வில் சேர்ந்தது. 2011இல் பிக் டென்னுக்குள் நுழையவிருந்த சமயத்தில், நூற்றிரண்டு வருட உறுப்பினரை ஓட்டெடுத்து வெளியே அனுப்பினார்கள். அவர்கள் அளவுகோலில் இரண்டு விஷயம் இடித்தது. ஒமாஹாவில் இருக்கும் மருத்துவ வளாகம் தனி நிர்வாகம், அதன் ஆராய்ச்சி லிங்கன் கணக்கில் வராது. வேளாண் ஆராய்ச்சிக்கு அரசு வாய்பாடு (நிலையான சூத்திரம்) போட்டுப் பிரித்துக் கொடுக்கும் பணம், போட்டியில் வென்ற பணம் அல்ல என்பதால் கணக்கில் சேராது. அதே வருடம் சிராக்யூஸ் தானாகவே விலகிக்கொண்டது. 2022இல் அயோவா ஸ்டேட்டும்.

அதே சகோதரி: அதாவது புற்றுநோய்க்குப் பணம் வாங்கினால் ஆராய்ச்சி, சோளத்துக்கு வாங்கினால் ஆராய்ச்சி இல்லை. அப்படித்தானே?

நியாயமான கோபம். நானும் பாதி உங்கள் பக்கம். நெப்ராஸ்கா மாநிலத்தில் 1919 முதல் ஒரு சட்டம் உண்டு. விற்பனைக்கு வரும் டிராக்டரின் மாதிரியை ஓட்டிப் பரிசோதிக்க வேண்டும், விளம்பரத்தில் சொன்ன சக்தி இருக்கிறதா என்று. அந்தச் சோதனைக் கூடம் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. மட்டமான டிராக்டரை வாங்கி ஏமாறாமல் எத்தனை விவசாயிகள் தப்பித்திருப்பார்கள்! ஏ.ஏ.யு. அளவுகோலில் அதற்கு மதிப்பெண் இல்லை.

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வாய்பாட்டுப் பணம் தரத்துக்கு அத்தாட்சி ஆகாது. போட்டிபோட்டு, சக ஆராய்ச்சியாளர்கள் படித்துத் தேர்ந்தெடுத்தால்தான் தரம். இதில் என்ன அநியாயம்?

உங்கள் வாதமும் சரிதான், ஆனால் பாதிதான். போட்டிப் பணத்தில் பெரும்பங்கு மருத்துவத்துக்குப் போகிறது. மருத்துவக் கல்லூரி ஒரே நிர்வாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஓட்டம் தொடங்கும் முன்பே நூறு மீட்டர் சலுகை. பிட்ஸ்பர்க்குக்கு அது உண்டு. லிங்கனுக்கு இல்லை.

லிங்கன் சகோதரி: எங்கள் ஜார்ஜ் பீடில் பெயரையும் சொல்லுங்கள்!

சொல்கிறேன். நெப்ராஸ்காவில் வாஹூ என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, லிங்கனில் படித்து, பிறகு சோள மரபியலில் இறங்கி, 1958இல் நோபல் வாங்கியவர். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். பிட்ஸ்பர்க் ஐயா, இதற்குப் பதில் எழுத வேண்டாம். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: ஃபுட்பாலில் வரும் கோடிகள் படிப்புக்குப் பயன்படுகின்றனவா?

பெரும்பாலும் இல்லை. விளையாட்டுத் துறை தனிக் கணக்கு. வருவது பயிற்சியாளர் சம்பளத்துக்கும் அரங்கத்துக்குமே சரியாகப் போகும். பல இடங்களில் போதாமல் மாணவர் கட்டணத்திலிருந்தும் எடுப்பார்கள். 2025-26 முதல் ஆட்டக்காரர்களுக்கே ஒரு பல்கலைக்கழகம் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்று நீதிமன்ற உடன்பாடு வந்துவிட்டது. இனி மிச்சம் ஏது?

ஆட்டத்துக்கும் படிப்புக்கும் ஒட்டில்லை என்பதற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ரோஸ் பௌல் என்ற பெரிய ஃபுட்பால் ஆட்டத்தைக் கடைசியாக ஜெயித்தது 1964 ஜனவரியில். ஆனால் இயற்பியலில் இரண்டு முறை நோபல் வாங்கிய ஒரே மனிதர், ஜான் பார்டீன், அங்கேதான் பேராசிரியர்.

சிகாகோ பல்கலைக்கழகம் இன்னும் சுவாரசியம். பிக் டென்னைத் தொடங்கிய ஏழில் ஒன்று. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலில் வாங்கியவர் அவர்கள் மாணவர். 1939இல் ஃபுட்பாலே வேண்டாம் என்று நிறுத்தினார்கள், 1946இல் கூட்டணியை விட்டும் போனார்கள். ஆட்டம் நின்ற அரங்கத்தின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில், ஸ்குவாஷ் போல மட்டையால் பந்தடித்து ஆடும் அறையில், கிராஃபைட் கட்டிகளை அடுக்கி 1942 டிசம்பர் 2 அன்று ஃபெர்மியின் குழு முதல் அணுத் தொடர்வினையை நடத்தியது. காலி அரங்கத்தை இதைவிட நன்றாகப் பயன்படுத்தியவர்கள் இல்லை.

திருச்சியிலிருந்து மாணவி: மயாமி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது அக்கா. ஏ.சி.சி. தானே?

கடிதத்தில் எந்த ஊர் என்று உடனே பாரும்மா. ஃப்ளோரிடா என்றால் ஏ.சி.சி. ஒஹாயோ மாநிலத்திலும் ஒரு மயாமி இருக்கிறது, அது வேறு பல்கலைக்கழகம், வேறு கூட்டணி. வாஷிங்டன் பெயரிலும் இரண்டு பல்கலைக்கழகங்கள்: சியாட்டிலா, செயின்ட் லூயிஸா? எல்லாரிடமும் சொல்லி அலுத்துவிட்டது: பெயரை முழுசாகப் படியுங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் வாங்கியது ஒஹாயோ பல்கலைக்கழகத்தில். ஒஹாயோ ஸ்டேட் அல்ல. அந்தப் பல்கலைக்கழகம் பெரிய ஃபுட்பால் கூட்டணி எதிலும் இல்லை. நோபல் வந்தது.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பிக் டென், எஸ்.இ.சி. – எது ரேங்கில் மேல்?

மேலே கோவை அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூரிலிருந்து ஒருவர்: முதல் பத்து மட்டுமாவது வரிசையாகச் சொல்லுங்களேன்.

மாட்டேன்.

ஹூஸ்டனிலிருந்து ஒருவர்: எஃப்-1 விசா நேர்காணலில் கூட்டணி பற்றிக் கேட்பார்களா?

விசா வேண்டாம் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து மீண்டும்: மருத்துவக் கல்லூரிச் சலுகை என்கிறீர்களே, பர்டூவுக்கு மருத்துவக் கல்லூரியே இல்லை. அது ஏ.ஏ.யு.வில் இருக்கிறதே?

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், பர்டூ பொறியியலை வைத்தே அந்த இடைவெளியை நிரப்புகிறது. லிங்கன் சகோதரி இதற்கும் பதில் வைத்திருப்பார். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள். நாளை சனிக்கிழமை, உள்ளூரில் ஆட்டம். எங்கள் துறையின் வண்டி நிறுத்துமிடத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் காலிசெய்யச் சொல்லி ஆரஞ்சு நிறச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். மணி 4.40. என் காரை எடுக்கப் போகிறேன்.