பழைய டெஸ்க்டாப்பை தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி டிஸ்க்கை ஒரு தடவை பாருங்க

கும்பகோணம் பக்கத்துலருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் கேட்டிருக்காரு. 2013ல அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப், ஐ3 மூணாவது ஜெனரேஷன் சிபியு, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணிட்டு போய் காபி போட்டு குடிச்சு முடிச்சுட்டு வந்தாலும் டெஸ்க்டாப் முழுசா வர்றதில்லையாம், குரோம்ல ரெண்டு டேப் திறந்தா மவுஸே நின்னு நின்னு நகருதாம். ரெண்டு வருஷத்துல மூணு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம் நல்லா ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியா பார்த்த கடைக்காரர் "போர்டு வீக் ஆயிடுச்சு, புதுசா வாங்கிடுங்க"ன்னு இருபத்தெட்டாயிரத்துக்கு கொட்டேஷன் கொடுத்துட்டாரு. தமிழ்ல டைப் அடிக்கணும், பேத்தியோட ஸ்கூல் ப்ராஜெக்ட், பேங்க் வேலை, பத்து வருஷ குடும்ப போட்டோஸ், அவ்வளவுதான் உபயோகம், இதையே சரி பண்ண முடியுமா, இல்ல புதுசுதானான்னு கேக்குறாரு.

சார், கொட்டேஷனை மடிச்சு வைங்க. போர்டு போச்சுன்னா பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஆனே ஆகாது, இல்ல நடுவுல பட்டுனு ஆஃப் ஆகும். மூணு தடவை ஃபார்மட் பண்ணி மூணு தடவையும் ஒரு மாசம் நல்லா ஓடியிருக்குன்னா போர்டு பாட்டுக்கு அதோட வேலையை செஞ்சுட்டுத்தான் இருக்கு. எனக்கு சந்தேகம் உங்க ஹார்ட் டிஸ்க் மேலதான். ஆனா நான் சொல்றேன்னு காசு செலவு பண்ண வேண்டாம், பத்து நிமிஷம் செலவு பண்ணி நீங்களே பாத்துடுங்க.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், சின்னதா வந்தா கீழ மோர் டீடெயில்ஸ்னு இருக்கும் அதை அமுக்குங்க. மேல சிபியு, மெமரி, டிஸ்க்னு வரிசையா பர்சன்டேஜ் ஓடும். கம்ப்யூட்டர் திணறுற நேரத்துல பாருங்க, சிபியு பத்து பதினஞ்சுலயும் டிஸ்க் மட்டும் 100லயும் நின்னா குத்தவாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்படியே பெர்ஃபார்மன்ஸ் டேப்ல போய் டிஸ்க்கை அமுக்கினா ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்னு ஒரு நம்பர் காட்டும். நல்ல ஹார்ட் டிஸ்க் வேலையா இருக்கும்போது அது பத்து, இருபது, அம்பது மில்லி செகண்டுன்னு ஆடும், நான் ரிப்பேருக்கு எடுத்த சிலதுல ரெண்டாயிரம், மூணாயிரம்னு பாத்திருக்கேன், அதாவது ஒரு ஃபைலை கேட்டா பதில் வர மூணு செகண்ட். இந்த லட்சணத்துல ஐ3 இருந்தா என்ன ஐ9 இருந்தா என்ன.

ரேஷன் கடையை நினைச்சுக்கோங்க. பில் போடுறவர் மின்னல் மாதிரி போட்டுத் தள்றாரு, ஆனா சர்க்கரை எடை போட ஒரே ஒரு தராசு, ஒரே ஒரு ஆளு. வரிசை எங்க நிக்கும்? உங்க ஐ3 அந்த பில் போடுறவர், அவருக்கு இன்னும் வயசாகல. தராசுதான் ஹார்ட் டிஸ்க், அதுக்கு உள்ள தட்டு ஒண்ணு நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்துது, அது மேல ஒரு முள்ளு இங்கயும் அங்கயும் ஓடி ஓடி படிக்குது, ஒரு இடத்துலருந்து இன்னொரு இடம் போய் சேர பத்து மில்லி செகண்டுக்கு மேல ஆகும், அப்ப செகண்டுக்கு சுமார் நூறு தடவை நகர்ந்தாலே பெரிய விஷயம். விண்டோஸ் 7 காலத்துல அது போதும். விண்டோஸ் 10 ஆன் ஆனதுமே ஒரு பக்கம் அப்டேட் தேடும், ஒரு பக்கம் அதோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் ஸ்கேன் பண்ணும், ஒரு பக்கம் தேடுறதுக்கு இன்டெக்ஸ் போடும், எல்லாத்துக்கும் அந்த ஒரே முள்ளு. ஃபார்மட் பண்ணினா ஒரு மாசம் நல்லா ஓடுறதும் இதனாலதான், அப்ப கூட்டம் கம்மி. அப்டேட்டு, ரெண்டு ஆன்டிவைரஸ், பிரிண்டர் சாஃப்ட்வேர்னு ஒண்ணொண்ணா வந்து வரிசையில நிக்க ஆரம்பிச்சதும் பழையபடி ஆயிடும்.

டிஸ்க் வயசானதால மெதுவா, இல்ல சாகப்போகுதான்னு பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா உள்ள போட்டோ இருக்கு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர், போட்டுத் திறந்தா மேலயே நீலத்துல குட்னு வரும், இல்ல மஞ்சள்ல காஷன், இல்ல சிவப்புல பேட். கீழ நீளமா ஒரு பட்டியல் இருக்கும், அதுல 05, சி5, சி6 மூணு வரியை மட்டும் பாருங்க, வலது ஓரத்துல ரா வேல்யூஸ்னு இருக்கிற கட்டத்துல எல்லாமே சைபரா இருக்கணும். 05ல நம்பர் வந்தா கெட்டுப்போன இடத்தை டிஸ்க் ஏற்கனவே ஒதுக்கி வச்சுட்டு மாத்து இடம் எடுத்துடுச்சுன்னு அர்த்தம், சி5ல வந்தா படிக்க முடியாம முட்டிக்கிட்டு நிக்கிற இடங்கள் இருக்குன்னு அர்த்தம், சிஸ்டம் உறைஞ்சு நிக்கிறது பெரும்பாலும் அங்கதான். கடையில பண்ற க்விக் ஃபார்மட் அந்த இடங்களை தொட்டுக்கூட பாக்காது, மேல இருக்கிற அட்டவணையை புதுசா எழுதிட்டு வந்துடும், அதனாலதான் மூணு தடவை பண்ணியும் வியாதி உள்ளயே இருந்திருக்கு. சி7னு ஒரு வரி இருக்கு, அதுல மட்டும் நம்பர் நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கை திட்டாதீங்க, முதல்ல சாட்டா கேபிளை மாத்திப் பாருங்க, அந்த தட்டையான சின்ன வயர்தான், அதை மாத்தினதோட முடிஞ்ச கேஸும் உண்டு.

மஞ்சளோ சிவப்போ வந்தா, இல்ல உள்ளருந்து டக் டக்னு சத்தம் வந்தா, இதை படிக்கிறதை நிறுத்திட்டு போட்டோவை காப்பி பண்ணுங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு, முடிஞ்சா கூகிள் டிரைவ்லயும் ஒண்ணு. வேற எந்த டெஸ்ட்டும், டிஃப்ராக்கும், ஃபார்மட்டும் அதுக்கு அப்புறம்தான்.

டாஸ்க் மேனேஜர்ல மெமரியும் 85, 90னு நிக்கலாம், உங்களுக்கு 4 ஜிபிதானே, குரோம் திறந்தா நிக்கத்தான் செய்யும். ராம் நிறைஞ்சா விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்ல தள்ளி வைக்கும், அதனால ராம் பத்தலைனாலும் டிஸ்க்தான் 100 காட்டும். ரெண்டுமே பத்தலைங்கிறது உங்க கேஸ்ல உண்மைதான், ஆனா எதை முதல்ல மாத்தணும்னா நான் எஸ்எஸ்டின்னுதான் சொல்வேன், அதாவது தட்டும் முள்ளும் இல்லாம சிப்ல சேமிக்கிற டிஸ்க், 4 ஜிபி ராமோட எஸ்எஸ்டி போட்ட மிஷின், 8 ஜிபி ராமோட பழைய டிஸ்க் இருக்கிற மிஷினை விட வீட்டு வேலைக்கு நல்லா ஓடும்.

கடையில கேக்கும்போது "2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி"ன்னு தெளிவா கேளுங்க. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கிற என்விஎம்இ வேண்டாம், உங்க போர்டுல அதுக்கு ஸ்லாட்டே இல்ல. 240 இல்ல 256 ஜிபி போதும், விண்டோஸும் சாஃப்ட்வேரும் மட்டும்தான் அதுல இருக்கப்போகுது. எச்61 போர்டுல சாட்டா 2 போர்ட்டுதான், அதனால 500 எம்பி வேகம்னு டப்பாவுல போட்டிருந்தா உங்களுக்கு 270, 280தான் வரும், அதுக்காக கவலைப்படாதீங்க, வித்தியாசம் தெரியுறது அந்த வேகத்துல இல்ல, முள்ளு ஓட வேண்டிய வேலையே இல்லாம போறதுலதான். ஆன்லைன்ல 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்னு ஒண்ணு வரும், தொடாதீங்க, உள்ள ஒரு மெமரி கார்டை ஒட்டி வச்சிருப்பான்.

போடும்போது ரெண்டு விஷயம். பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்குற போர்டோட செட்டிங்ஸ்ல, சாட்டா மோட் ஐடிஇன்னு இருந்தா ஏஎச்சிஐன்னு மாத்திட்டு அப்புறம் புது விண்டோஸ் போடுங்க, அந்தக் கால போர்டு நிறைய ஐடிஇலயே கிடக்கும். இன்னொண்ணு, விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்கோட கேபிளை கழட்டி வச்சுடுங்க. இதை நான் ஏன் அழுத்தி சொல்றேன்னா, தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வீட்ல ரெண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்க, டிஸ்க் 0, டிஸ்க் 1 குழம்பி, தப்பான டிஸ்க்ல டெலீட் அமுக்கிட்டேன், அவங்க பொண்ணு கல்யாண போட்டோ மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. பாதிதான் மீட்டு கொடுக்க முடிஞ்சுது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டல, காபி கொடுத்து அனுப்புனாங்க, திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னு இருந்துச்சு. அன்னிலருந்து கேபிளை கழட்டி மேஜை மேல வச்சுட்டுத்தான் பென்டிரைவையே சொருகுறேன். புது விண்டோஸ் நல்லா ஏறினப்புறம் பழைய டிஸ்க்கை திரும்ப மாட்டி ஃபைல் வைக்க யூஸ் பண்ணலாம், கிரிஸ்டல்ல நீலமா இருந்தா மட்டும். எஸ்எஸ்டியை மாட்ட பிராக்கெட் இல்லையேன்னு அலைய வேண்டாம், உள்ள எதுவும் சுத்தாது, டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினாலும் ஓடும்.

அப்புறமும் பத்தலைனா ராம். டிடிஆர்3, இன்னொரு 4 ஜிபி, செகண்ட் ஹேண்ட்லயே கிடைக்கும். ஆன்லைன்ல சல்லிசா வர்ற 8 ஜிபி டிடிஆர்3 சிலது ஏஎம்டி போர்டுல மட்டும்தான் வேலை செய்யும், சின்ன எழுத்துல போட்டிருப்பான், உங்க இன்டெல் போர்டுல மாட்டினா டிஸ்ப்ளேயே வராது. அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட்ல 64 பிட்டான்னு பாருங்க, 32 பிட் விண்டோஸ்னா எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல தொடாது.

கேபினெட்டை எப்படியும் திறக்கப் போறீங்க, அப்ப சிபியு ஃபேனை பாருங்க. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு பொட்டு வைப்போம், உள்ள எட்டிப் பாக்க மாட்டோம். ஃபேனை கழட்டினா அடியில அலுமினிய தகடுகளுக்கு நடுவுல தூசி மெத்தை மாதிரி, கையால பிச்சு எடுக்குற பதத்துல இருக்கும், ஒரு தடவை எனக்கு பல்லி முட்டை ரெண்டு கிடைச்சுது. ஃபேன் காத்து உள்ள போகலைனா சிபியு சூடு நூறை தொடும், தொட்டா அது தானே வேகத்தை குறைச்சுக்கும். எச்டபிள்யூமானிட்டர்னு சூடு காட்டுற சாஃப்ட்வேர் போட்டு வேலை நேரத்துல 90க்கு மேல காட்டுதான்னு பாருங்க, காட்டுனா க்ளீன் பண்ணி, சிபியுவுக்கும் அலுமினிய தகடுக்கும் நடுவுல சூட்டை கடத்துற பேஸ்ட்டை மாத்தணும். ஃபேனோட நாலு மூலையில நாலு பின் இருக்கும், தலையில அம்புக்குறி, அந்த பக்கம் கால் சுத்து திருப்பி மேல தூக்குங்க. பழைய பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி இருக்கும், துடைச்சுட்டு புதுசை துவரம்பருப்பு அளவு நடுவுல வைங்க, பூசி மெழுக வேண்டாம், அமுக்கும்போது தானே பரவும். திரும்ப மாட்டும்போது பின்னையெல்லாம் பழைய நிலைக்கு திருப்பி, எதிரெதிர் மூலையா அமுக்கணும், ஒவ்வொண்ணும் டக்குனு சத்தம் கொடுக்கும், ஒண்ணு சரியா உக்காரலைனாலும் அந்தப் பக்கம் சூடு ஏறும். ப்ளோவர் அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோங்க, விட்டா விமானம் மாதிரி சுத்தி பேரிங் போயிடும். கரண்ட் சப்ளை கொடுக்குற எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க, பவரை பிடுங்கினப்புறமும் உள்ள கரண்ட் நிக்கும்.

ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தேதி தப்பா காட்டினா போர்டுல இருக்கிற சிஆர்2032 காசு பேட்டரி தீந்துபோச்சு, அம்பது ரூபாய்க்குள்ள வரும். தேதி தப்பா இருந்தா பேங்க் சைட்டே திறக்காது, இதையும் சிலர் வைரஸ்னு நினைச்சு ஃபார்மட் பண்ணிடுறாங்க.

சாஃப்ட்வேர் பக்கம் எனக்கு அதிகம் சொல்ல இல்ல. ஸ்டார்ட்அப் டேப்ல வேண்டாததை டிஸேபிள் பண்ணுங்க, ரெண்டு ஆன்டிவைரஸையும் எடுத்துட்டு விண்டோஸோட டிஃபெண்டரை விடுங்க, பிசி க்ளீனர், ரெஜிஸ்ட்ரி க்ளீனர் எதுவும் வேண்டாம். ரைட் க்ளிக் பண்ணி ரீஃப்ரெஷ் ரீஃப்ரெஷ்னு பத்து தடவை அமுக்குற பழக்கம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு, அது ஐக்கானை திரும்ப வரையும், வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வாரத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் பாதி தூக்கத்துலதான் போகும், ரீஸ்டார்ட்தான் முழுசா எழுப்பும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வச்சு எக்ஸ்டெண்டட் அப்டேட்ல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் வரும்னு அறிவிச்சாங்க. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும், உங்களது மூணாவது, குறுக்கு வழியில ஏத்தித் தரேன்னு சொல்வாங்க, ஏறும், ஆனா அடுத்த பெரிய அப்டேட்ல என்னாகும்னு யாரும் கேரண்டி தர முடியாது, பேங்க் வேலை பாக்குற மிஷின்ல நான் அதை பண்ண மாட்டேன். அப்டேட் நின்னப்புறம் அதே எஸ்எஸ்டில விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக்கலாம், குரோம் ஓடும், தமிழ் டைப்பிங் வரும், ஒரு வாரம் கை தடுமாறும். பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் நிறைய இருந்தா மட்டும் மாறுறதுக்கு முன்னாடி யூனிகோடுக்கு மாத்தி வச்சுக்கோங்க சார்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டதும் ஸ்கிரீனை போன்லயே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, சி5 வரியும், டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு மேல காட்டுற பவர் ஆன் அவர்ஸும் தெரியுற மாதிரி. அதுவரைக்கும் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ண யார் கையிலயும் கொடுக்காதீங்க.