வெங்காய வேர்நுனி ஸ்லைடில் மைட்டாசிஸ் (செல் பகுப்பு) தெரியவில்லை என்றால்

செல்லெல்லாம் நீளநீளமாக இருக்கிறது, ஒன்றில்கூட குரோமோசோம் இல்லை என்கிறீர்கள். நீங்கள் பார்ப்பது நீட்சி மண்டலம், அதாவது செல்கள் பகுபடாமல் நீண்டு வளரும் பகுதி. செல் பகுப்பு நடப்பது வேரின் கடைசி 1–2 மி.மீ.க்குள்தான்.

வேரை மென்மையாக்க அமிலத்தில் சூடாக்கியதும் எந்த முனை நுனி என்று குழம்பிப்போவது சகஜம். அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றியபின் அடர்சிவப்பாகத் தெரியும் முனைதான் நுனி. அதில் 2 மி.மீ. மட்டும் பிளேடால் நறுக்கி, மீதியைத் தள்ளிவிடுங்கள். கவர்சிலிப் மேல் வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் நழுவினால் செல்கள் உருண்டு சிதைந்துவிடும்.

சிறு சதுரச் செல்கள், செல்லை ஏறக்குறைய நிரப்பும் நியூக்ளியஸ் தெரிந்தால் இடம் சரி.

ஆனால் அங்கேயும் பெரும்பாலான செல்கள் இடைநிலையில்தான் (இரு பகுப்புகளுக்கு இடைப்பட்ட கட்டம்) இருக்கும். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸும், அவை பிரிந்து எதிரெதிர் முனைகளுக்கு நகரும் அனாஃபேஸும் சீக்கிரம் முடிந்துவிடுவதால் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பொறுமையாகத் தேடுங்கள்.