ஸ்மார்ட் போர்டால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா என்று ஆராய, சென்னை தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியருக்கு நிதி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் தனி ஆளாக வாங்குவது கஷ்டம். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் எரிக் (கல்வி ஆராய்ச்சி, புதுமைகள்) குழு பள்ளிக் கல்வி ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆரும் தருகிறது, அங்கே பொதுவாக முனைவர் பட்டம் எதிர்பார்ப்பார்கள். கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து அந்தக் கல்லூரி வழியாக விண்ணப்பிப்பதே நடக்கிற காரியம். சின்னதாகத் தொடங்க, டயட் எனும் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் வழியாக ஒரு செயல் ஆய்வு, அதாவது சொந்த வகுப்பிலேயே செய்கிற சிறு ஆய்வு, போதும்.

'தொழில்நுட்பத்தின் தாக்கம்' என்று அகலமாக எழுதாதீர்கள். 'ஏழாம் வகுப்பு, பின்னங்கள், 8 வாரம்' என்று சுருக்குங்கள். ஏ, பி இரண்டு பிரிவுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே பாடம். ஒன்றில் மட்டும் போர்டு. முன்தேர்வு, பின்தேர்வு, ஒரு மாதம் கழித்து மறுதேர்வு. சறுக்கும் இடம் கால அட்டவணை: ஒரு பிரிவுக்குக் காலை முதல் பீரியடு, மற்றதற்குச் சாப்பாட்டுக்குப் பின் என்றால், நீங்கள் அளப்பது போர்டை அல்ல, தூக்கத்தை! வாரம் மாற்றி வாரம் பீரியடை மாற்றிப் போடுங்கள். கரண்ட் போன நாட்களையும் குறித்துவையுங்கள். எட்டு வார வகுப்புகளை ஜூலை, ஆகஸ்டில் முடிப்பது நல்லது. நவம்பர் மழையில் வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் நின்றால் வருகைப் பதிவேடே காலியாகிவிடும்.

பட்ஜெட்டில் முக்கால்வாசி டேப்லெட்டுக்குப் போனால் அது ஆய்வாகத் தெரியாது, கொள்முதலாகத் தெரியும். அச்சு, தரவுப் பதிவு, பயணம் முதலில். மாநகராட்சிக் கல்வித் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். பெற்றோர் சம்மதக் கடிதம் எளிய தமிழில் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடை பில்லைக்கூட விடாதீர்கள். நிதியை எதற்குச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் இழுத்தால் அடுத்த தவணையும் இழுக்கும்.