ஹாம் வானொலி கேள்வி – பதில்: உங்கள் மொட்டை மாடிக்கு எந்த ஆன்டெனா?

ஹாம் வானொலி என்பது லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலி செட்டில் ஊரோடும் உலகத்தோடும் பேசும் பொழுதுபோக்கு. 'வீட்டில் என்ன ஆன்டெனா வைத்திருக்கிறீர்கள், எழுதுங்கள்' என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, 'அதை விடுங்கள், எதை வாங்கலாம், அதைச் சொல்லுங்கள்' என்று என்னையே திருப்பிக் கேட்கின்றன. கடையில் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை இது. மொட்டை மாடிக்குப் போய் அளவு நாடாவைப் பிடித்துவிட்டு வந்து கேட்க வேண்டியது. அப்படி அளந்து எழுதியவர்களுக்குத்தான் இந்த முறை முதல் மரியாதை.

ஐயா, ஜெனரல் கிரேடு லைசென்ஸ் இந்த வருஷம்தான் வந்தது. 100 வாட் செட் வாங்கிவிட்டேன். 30-க்கு 40 அடி மனையில் மாடி வீடு, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வீடுகள். 7 மெகாஹெர்ட்ஸில் நம் ஊர் நண்பர்களோடு பேச ஆசை. இடமே அடைக்காத செங்குத்து ஆன்டெனா ஒன்றை விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?
– சே.ரா., திண்டுக்கல்

வேண்டாம் தம்பி. அந்தத் தப்பை நான் உங்களுக்காக ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறேன்.

தந்தி ஆபீஸில் 31 வருஷம் சாவி தட்டிவிட்டு ஓய்வு பெற்ற கையோடு, வந்த பணத்தில் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட செங்குத்துக் கம்பம்தான். விளம்பரத்தில் 'ரேடியல் தேவையில்லை' என்று போட்டிருந்தது. நம்பினேன். கால் அலை நீளச் செங்குத்துக் கம்பி என்பது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி, அதன் அடியில் நாலா பக்கமும் விரித்துப் போடும் ரேடியல் கம்பிகள். அதைப் போடாவிட்டால், செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளின் வெளிப்பின்னலே (உள் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். வீட்டு இரைச்சல் முழுவதையும் செட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். ஒரு நாள் விடிகாலையில் தூத்துக்குடியிலிருந்து இந்தோனேசியாவோடு பேசினேன். அதே நாள் பத்து மணிக்கு, 130 கிலோமீட்டரில் இருக்கும் மதுரை நண்பருக்கு என் குரல் கேட்கவில்லை. செங்குத்துக் கம்பம் அலையைத் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாக அனுப்பும். அது மதுரையின் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது நம் ஊர் நண்பர்கள். அதற்கு அலை மேலே போக வேண்டும். வானத்தில் வெகு உயரே இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, பூவாளித் தண்ணீர் மாதிரி சுற்றிலும் இறங்க வேண்டும். டைபோல் என்பது நடுவில் கேபிளைச் சேர்த்து, இரண்டு பக்கமும் சம நீளத்தில் இழுத்துக் கட்டும் கம்பி. தாழக் கட்டிய டைபோல் அதைத்தான் செய்யும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம், கொழும்பு எல்லாம் உங்களுக்குப் பக்கத்துத் தெரு. இருட்டிய பிறகு இன்னும் தூரம் போகும்.

கணக்கு எளிது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம், அதாவது 33 அடி. உங்கள் மனையின் மூலைவிட்டம் 50 அடி, நடுவிலிருந்து மூலைக்கு 25. நேராகக் கட்டினால் பக்கத்து வீட்டுக்குள் போகும். அதனால் நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிய விடும் 'இன்வெர்ட்டட் வி'. மாடி நடுவில் 20 அடிக்கு ஒரு ஜி.ஐ. பைப், எதிரெதிர் மூலை இரண்டில் 8 அடிக் கம்புகள். 25 அடி தள்ளி 12 அடி இறங்கினால் சரிவில் ஏறக்குறைய 28 அடி ஆகிவிடும். மிச்சம் 5 அடியைக் கைப்பிடிச் சுவரின் திசையில் மடக்கி, கயிற்றில் இழுத்துக் கட்டுங்கள். கம்பியின் நுனி மடங்கினால் ஒன்றும் குடி மூழ்காது. மின்னோட்டம் அதிகம் ஓடுவது நடுவில். நுனியில் இருப்பது மின்னழுத்தம். அதனால்தான் கை எட்டாத 8 அடி சொன்னேன். துணி காயப்போட வருபவர் அதைத் தொடக்கூடாது.

கம்பிக்கு வீட்டு வயரிங் ஒயரே போதும், 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர். இன்சுலேட்டருக்கு பி.வி.சி. பைப் துண்டு. கயிறு மட்டும் மட்டமானது வேண்டாம், வெயிலில் பொடிந்துவிடும். மீன்வலைக் கயிறு எனக்கு நாலைந்து வருஷம் தாங்குகிறது. பக்கத்துக்கு 10.4 மீட்டராக நீளமாகவே வெட்டி, ஏற்றிப் பாருங்கள். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர். என்ற எண்ணாகக் காட்டும்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. மொத்தம் 20.8 மீட்டர் உள்ள கம்பியில் எஸ்.டபிள்யூ.ஆர். 6.9 மெகாஹெர்ட்ஸில் தாழ்வாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20.8-ஐ 6.9-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 20.2. பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டாமல், முதலில் 20 சென்டிமீட்டர் வெட்டி அளந்து பாருங்கள். வெட்டியதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

கேபிள் ஆன்டெனாவைச் சேரும் இடத்துக்குக் கீழே, கேபிளையே ஒரு சாண் அகலத்தில் எட்டுப் பத்துச் சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். வெளிப்பின்னல் வழியாக வரும் இரைச்சல் கணிசமாக அடங்கும்.

வேளச்சேரியில் நாலாவது மாடி ஃபிளாட். மொட்டை மாடியில் எதுவும் கட்டக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். கிழக்குப் பார்த்த பால்கனி மட்டும் உண்டு. ஹாம் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?
– வி.ஜ., சென்னை

பால்கனி இருக்கும்போது ஏன் விட வேண்டும்? ஆனால் ஆன்டெனாவுக்கு முன்னால் ஒரு வேலை. ராத்திரி எட்டு மணிக்கு, பேட்டரியில் ஓடும் ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றைப் பால்கனியில் வைத்து 7 மெகாஹெர்ட்ஸைக் கேளுங்கள். 'உர்ர்' என்று இரைந்தால் வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பிடியுங்கள். என் வீட்டில் பிடிபட்டது பூஜை அறைச் சீரியல் பல்பு. அதை மாற்றச் சம்மதம் வாங்கியதுதான் என் ஹாம் வாழ்க்கையிலேயே கஷ்டமான தொடர்பு.

மெயினை அணைத்த பிறகும் இரைந்தால் அது அக்கம்பக்கத்து எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும். உங்களுக்கு ஏற்றது சிறிய காந்த வளைய ஆன்டெனா. 1 மீட்டர் விட்டத்தில் ஒரு செம்புக் குழாய் வளையம், அதன் வாயில் ஒரு மாறு மின்தேக்கி, அதற்கு எதிர்ப்புறம் உட்பக்கமாகக் கேபிளைச் சேர்க்க ஒரு சின்ன வளையம். அவ்வளவுதான். திருப்பி வைத்தால் இரைச்சல் வரும் திசையைக் கொஞ்சம் அடைத்துவிடலாம். 14 மெகாஹெர்ட்ஸில் நன்றாக வேலை செய்யும். 7-ல் இந்த அளவு வளையம் சவலைப் பிள்ளைதான், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் அலைவரிசை நகர்ந்தாலும் மறுபடி மின்தேக்கியைத் திருக வேண்டும். அந்தப் பொறுமை வேண்டும். 50 வாட்டுக்கே மின்தேக்கியில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். பேசும்போது பால்கனியில் யாரும் நிற்கக்கூடாது, முக்கியமாகக் குழந்தைகள்.

ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் வைத்திருக்கும் கல்லூரி மாணவன். கையில் 5 வாட் ஹேண்டி (கையடக்க செட்). 60 கிலோமீட்டரில் மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்) எனக்கு நன்றாகக் கேட்கிறது, என் குரல் அதில் ஏறவில்லை. 25 வாட் செட் வாங்கச் சொல்கிறார்கள்.
– மு.கா., காரைக்குடி

காசை மிச்சம் பிடியுங்கள் தம்பி. ஹேண்டியில் இருக்கும் ரப்பர் குச்சி, பாக்கெட்டில் வைக்கத் தோதாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கிரவுண்ட் பிளேன் செய்யுங்கள். கேபிளைத் திருகி மாட்டும் எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று. நடு ஊசியில் 49 சென்டிமீட்டர் கம்பி நேராக மேலே. நாலு மூலைத் துளைகளில் 51 சென்டிமீட்டர் கம்பி நாலு, 45 டிகிரி கீழே சாய்த்து. உடைந்த குடையின் கம்பிகளே போதும், நான் அப்படித்தான் செய்தேன். மாடிக்கு மேல் பத்தடிக் கம்பில் ஏற்றுங்கள்.

அடுத்தது கேபிள். இங்கேதான் பையன்கள் ஏமாறுகிறார்கள். ஆர்.ஜி.58 மெல்லிசாக, வளைக்க வாகாக இருக்கும். 15 மீட்டருக்கு இந்த அலைவரிசையில் பாதியை விழுங்கிவிடும்: 5 வாட் கிளம்பினால் இரண்டரைதான் மேலே சேரும். டிஷ் டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிள் பல வீடுகளில் சும்மா தொங்குகிறது. அது 75 ஓம், நம் செட் 50 ஓம், பொருந்தாது என்று யாராவது சட்டம் பேசுவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது சொற்பம். அதே 15 மீட்டரில் ஏறக்குறைய மூன்றே முக்கால் வாட் மேலே சேரும். ஒரு தொல்லை: அதன் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. அமுக்கி மாட்டும் எஃப் கனெக்டரும் அதற்கான அடாப்டரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாகி வைத்தால் அமெரிக்காவோடு பேசலாமா?
– தி.செ., பரமக்குடி

பேசலாம். யாகி என்பது ஒரு தண்டில் குறுக்குக் குழாய்களை வரிசையாக வைத்து, அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனா. 14 மெகாஹெர்ட்ஸ் யாகிக்கு ஒவ்வொரு குழாயும் 10 மீட்டர் அகலம். அதைச் சுழற்ற மோட்டார், தாங்க இரும்புக் கோபுரம். தெருவே வேடிக்கை பார்க்கும். 28 மெகாஹெர்ட்ஸ் என்றால் பாதி அகலம்தான். அயனி மண்டலம் அந்த அலைவரிசையைத் திருப்பி அனுப்பும் நாளில், பக்கத்துக்கு இரண்டரை மீட்டரில் டைபோல் கட்டினாலே ஐரோப்பா வரும். முதலில் அதைக் கட்டிக் கேளுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் யாகி புதுசும் இல்லை. 1982-ல் இலங்கையின் டி.வி. நிலையமான ரூபவாஹினி தொடங்கிய பிறகு, கடலோர ஊர்களில் நாற்பதடிப் பைப்பின் உச்சியில் இலங்கையைப் பார்த்து நின்றதெல்லாம் ஜப்பானின் யாகியும் உடாவும் 1926-ல் வெளியிட்ட அந்த ஆன்டெனாதான். காற்றில் திரும்பிவிட்டால் ஒருத்தர் மாடியில் பைப்பைப் பிடித்துத் திருப்ப, கீழே இன்னொருத்தர் 'வருது, வருது… போச்சு' என்று கத்துவோம். மோட்டார் இல்லாத ரொட்டேட்டர்.

இரண்டு வருஷமாக டைபோல். எஸ்.டபிள்யூ.ஆர். முன்பு 1.8 இருந்தது, இந்த மழைக்காலத்துக்குப் பிறகு தானாகவே 1.2-க்கு இறங்கிவிட்டது. ஆனால் யாருமே பதில் சொல்வதில்லை. செட் பழுதா?
– க.நா., நாகப்பட்டினம்

தானாகக் குறைந்த எஸ்.டபிள்யூ.ஆரை நம்பாதீர்கள். உங்கள் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று இங்கிருந்தே பந்தயம் கட்டுவேன். எனக்கும் இதேதான் நடந்தது. நானோ மீட்டரைப் பார்த்து ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

நடப்பது இது. நனைந்த கேபிள் பத்தில் ஒன்பது பங்கைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. 100 வாட் கிளம்பினால் மேலே சேர்வது 10. அந்தப் பத்தும் அப்படியே திரும்பி வந்தாலும், வரும் வழியில் மறுபடி பத்தில் ஒன்பது போய், மீட்டருக்குத் திரும்புவது 1 வாட். போனது 100, திரும்பியது 1 என்றால் மீட்டர் 1.2 தான் காட்டும். ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் காட்டும்.

சோதித்துப் பாருங்கள். மேல்முனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, செட்டை ஐந்து வாட்டுக்குக் குறைத்து ஒரு நொடி அழுத்துங்கள். நல்ல கேபிள் என்றால் முள் எகிற வேண்டும். அப்போதும் சாதுவாக 1.2-லேயே நின்றால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். நுனியை மட்டும் வெட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பின்னல் திரி மாதிரி தண்ணீரை உள்ளே வெகுதூரம் இழுத்திருக்கும். ஒரு அடி உரித்தால் செம்பு கறுத்துப் போயிருப்பது தெரியும். புதுக் கேபிளில் இணைப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒன்றோடொன்று உருகி ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண டேப். கேபிள் சன்னலுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் அங்கே சொட்டிவிடும். நம் இரண்டு ஊரும் உப்புக் காற்று ஊர். வருஷா வருஷம் புரட்டாசியிலேயே ஏறிப் பார்த்துவிட வேண்டும்.

என் கணவர் மாடியில் உயரமாகப் பைப் நட்டு ஒயர் கட்டியிருக்கிறார். ஐப்பசி வந்தால் இங்கே இடி பயங்கரம். கேட்டால் 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறார். ஆபத்து இல்லையா?
– பெயர் வேண்டாம், தென்காசி

உங்களுக்குத் தெரியும் அம்மா, அதனால்தான் கேட்கிறீர்கள். ஆபத்து உண்டு. இடி நேராகப் பைப்பில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் விழுந்தாலே அந்த ஒயர் வழியாக வீட்டுக்குள் வரும். பைப்பின் அடியைத் தடித்த செம்புக் கம்பியால் தனி எர்த்தில் இணைத்து, அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் சேர்க்க வேண்டும். பேசி முடித்தவுடன் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, முனையைச் சன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இடி கேட்ட பிறகு கழற்றப் போவது தப்பு. அப்போது அதைத் தொடவே கூடாது. மின்கம்பியிலிருந்து பைப் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பாருங்கள். சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்: 20 அடிப் பைப் என்றால் 30 அடி. அது இல்லையென்றால் இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும், பேச்சே இல்லை. மாற்றும்போது அவரைத் தனியாக ஏற விடாதீர்கள். தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

இந்தப் பக்கத்தை அவர் பார்க்கும்படி மடித்து வையுங்கள். செட்டுக்குப் பக்கத்தில், கேபிள் மாட்டும் இடத்தில்.