பதிவு போட்டும் எழுத்து வேலை வராதது ஏன்?

சேலத்தில் இருந்தபடி ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன், இன்ஸ்டாகிராமில் லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். லைக் போடுவது பெரும்பாலும் நண்பர்களும் சக எழுத்தாளர்களும்தான். காசு கொடுப்பவர் வேறு ஆள்.

ஒரே துறையைப் பிடியுங்கள்: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகள், இளம்பிள்ளை சேலை வியாபாரிகள், ஏற்காடு ஹோம்ஸ்டேக்கள், எதுவானாலும் சரி. ஏற்காடு என்றால், "இயற்கைச் சூழலில் அழகான அறைகள்" என்ற வழக்கமான விளம்பர வரியை ஒரு படத்தில் மேலே போடுங்கள். கீழே உங்கள் வரி: "ஜன்னலைத் திறந்தால் காபித் தோட்டம். ஏரிக்கு நடந்தே போகலாம். ராத்திரிக்கு ஸ்வெட்டர் எடுத்து வாங்க." நூறு சுயபுகழ்ச்சிப் பதிவை விட இந்த ஒரு படம் வேலை செய்யும். வாரம் இரண்டு போதும்.

இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டும் லிங்க் அழுத்தினால் திறக்காது. பலர் வாடிக்கையாளரைத் தவறவிடுவது இங்கேதான். பயோவில் வாட்ஸ்அப் லிங்க் வையுங்கள். லிங்க்ட்இன் தலைப்பு வரியில் 220 எழுத்துக்கு இடம் உண்டு. வெறும் "கன்டென்ட் ரைட்டர்" என்று வீணாக்காமல், யாருக்கு என்ன எழுதுவீர்கள் என்று சொல்லுங்கள்.

விசாரணை வந்ததும் சொல் அளவு, எத்தனை திருத்தம், பாதி முன்பணம், மூன்றையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ஏற்காடு கோடை விழா வழக்கமாக மே மாதம். விடுதிக்காரர்களைப் பிப்ரவரியிலேயே அணுகுங்கள், சீசன் தொடங்கினால் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது.