வாசகர் கேள்வி – பதில்: முதலில் தேதியைக் கேளுங்கள்

கேள்வி: குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஞாயிறுதோறும் நடக்கும் ஆலோசனை மையத்தில் தொண்டூழியம் செய்யக் கூப்பிடுகிறார்கள். மலாய் பாரம் நிரப்பத் தெரியும், சட்டம் தெரியாது. போதுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: தாராளமாகப் போதும். தெரிந்த மாதிரிப் பேசாமல் இருந்தால் சரி. வருகிறவர் கதையை நடுவிலிருந்துதான் தொடங்குவார். ஐந்து நிமிடம் பேசவிட்டு, 'என்றைக்கு நடந்தது?' என்று கேளுங்கள். தேதி போனால் வழக்கே போச்சு.

வேலை நீக்கத்தையே பாருங்கள். மலேசியாவின் 1967 தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி, வேலை நின்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். சனி, ஞாயிறும் அதில் அடக்கம். 'முதலாளிக்கு அப்பீல் எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும்' என்று காத்திருந்தே பலர் கோட்டை விடுகிறார்கள். அப்பீல் போட்டதால் நாள் கணக்கு நிற்காது. வேறு சிலர் தொழிலாளர் இலாகாவுக்கு நடையாய் நடப்பார்கள். அது சம்பளப் பாக்கி, ஓவர்டைம் பாக்கிக்கான இடம். மனுவில் 'நஷ்டஈடு வேண்டும்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். 'மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும்' என்று கேட்பதற்குத்தான் அந்தப் பிரிவே இருக்கிறது.

கடைக்காரரோடு தகராறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. பாரம் 1 சுலபம்தான். சிக்கல் எதிர்த்தரப்பின் பெயரில். பலகையில் ஒரு பெயர் இருக்கும், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் வேறொரு சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பெயர் இருக்கும். பலகைப் பெயரைப் போட்டு ஜெயித்தாலும் பணம் வசூலிக்க ஆள் இருக்காது. நிறுவனப் பதிவு ஆணையத்தில் பெயரைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த வழவழ ரசீதை வந்த அன்றே நகல் எடுங்கள். பர்ஸில் நாலு மாதம் கிடந்தால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

கேள்வி: வருபவர்களின் அசல் ஆவணங்களை வாங்கி வைக்கலாமா? எழுதத் தெரியாதவருக்கு நாமே கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் கூடாது. ஐசி (அடையாள அட்டை), சூரா பெரானாக் (பிறப்புப் பத்திரம்) எதுவானாலும் நகல் எடுத்து, அசலை அங்கேயே கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் அலமாரியில் தொலைந்தால் தேசியப் பதிவிலாகாவுக்கு அலையப்போவது உங்களிடம் வந்தவர்தான். எழுதத் தெரியாதவருக்குப் பாரத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டி, பெருவிரல் ரேகை வாங்குங்கள்.

சத்தியப் பிரமாணத்தில் (சொல்வது உண்மை என்று சத்தியம் செய்யும் பத்திரத்தில்) மட்டும் மையத்தில் வைத்து ரேகையும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அதைச் சத்தியப் பிரமாண ஆணையரின் கண்ணெதிரே போட வேண்டும். முன்கூட்டியே போட்டுக் கொண்டுபோனால் புதுத் தாளில் மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லி அனுப்பிவிடுவார்.