ஆர்க்டிக்கில் ஒரு சுரங்கம் பிடிக்கும் இடம் கொஞ்சம்தானே, அது எப்படி வனவிலங்குகளைப் பாதிக்கும்?

குழியை விட, தாதுவை வெளியே கொண்டுபோகும் வழிதான் பெரிய சிக்கல். கனடாவின் பாஃபின் தீவில் உள்ள மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்தைப் பாருங்கள். ஆண்டு உற்பத்தியை 60 லட்சம் டன்னிலிருந்து 1.2 கோடி டன்னாக்கி, மில்ன் இன்லெட் துறைமுகத்துக்குச் சுமார் 110 கி.மீ. ரயில்பாதை போடச் சுரங்க நிறுவனம் அனுமதி கேட்டது. அந்தத் தீவு இருக்கும் நுனாவுட் பிரதேசத்தில் இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயும் நுனாவுட் தாக்க மறுஆய்வு வாரியம் 2022 மே மாதம் வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. நவம்பரில் மத்திய அரசும் மறுத்தது.

முதல் கவலை கடலில். நார்வால் திமிங்கிலம் ஒலியை வைத்துத்தான் இரை தேடுகிறது. பனி உடைக்கும் கப்பலின் இரைச்சல் பல கிலோமீட்டருக்கு அப்பாலேயே அதற்குக் கேட்டுவிடும். உடனே ஒலி எழுப்புவதை நிறுத்தும், இடம் மாறும். கப்பல் வேகத்தை மணிக்கு 9 கடல் மைலுக்குக் கட்டுப்படுத்தினால் இரைச்சல் குறையும். ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு கப்பலும் அதிக நேரம் அங்கேயே இருக்கும், எண்ணிக்கையும் கூடினால் பலன் கரைந்துவிடும். பனி உடைக்கும் பயணங்களை அடியோடு நிறுத்துவதுதான் உருப்படியான நிபந்தனை என்பேன்.

நிலத்தில் கவலை, இரும்புத் தாதுவின் செந்தூசி. அது படிந்த பனி நிறம் மங்கி, வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் உருகுகிறது. காரிபு மான் மேயும், பாசி போன்ற லைக்கனிலும் படிகிறது. நொறுக்கும் இயந்திரங்களை மூடி வைத்தால் ஓரளவு அடங்கும், லாரிச் சாலைத் தூசி அடங்காது. இப்படி ரயில்பாதை போட்டால், அதன் மேட்டில் மான் கடக்குமிடங்களைச் சரிவாக்கி, பொடிச்சரளை போட வேண்டும். பெருங்கற்களாக விட்டால் இடுக்கில் கால் மாட்டும். மான் எங்கே கடக்கும் என்பதை அங்குள்ள இனுயிட் பழங்குடி வேட்டைக்காரர்களிடம் முன்பே கேட்காமல் வரைபடம் போட்டால், சரிவு ஓரிடத்திலும் மான் வேறிடத்திலும் இருக்கும்.